அவுட்டர் குழுவின் ஒரே கேசட்

2023 ஜூன் 12, திங்கள்

பத்து நாளைக்கு ஒரு சொல்கூடப் பேசக்கூடாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். குசுகுசுவென்றும் பேசக்கூடாதாம். சத்தமாகப் பேசுவதைவிட அதுதான் தொண்டைக்குக் கெடுதலாம். இருமல் வந்தால் தண்ணீர் குடித்து அடக்க வேண்டும்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர் சூசைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "டாக்டர், இவ இருபத்தாறு வருஷமா டிரைவிங் ஸ்கூல் நடத்துறா. பொன்மலையில பாதிப் பேரு இவ கத்துன கத்துலதான் பிரேக் பிடிக்கவே கத்துக்கிட்டாங்க" என்றார்.

"அதனாலதான் வந்திருக்கு" என்றார் டாக்டரம்மா.

சனிக்கிழமை எடுத்தார்கள். குரல் நாணில் மிளகு அளவுக்கு ஒரு கட்டி. அதைப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். ரிசல்ட் வர ஒரு வாரம், பத்து நாள் ஆகலாம். எல்லாருக்குமே அனுப்புவதுதானாம்.

இந்த டைரி டயர் கம்பெனிக்காரர்கள் புத்தாண்டுக்குக் கொடுத்தது. ஜனவரியிலிருந்து காலியாகக் கிடக்கிறது. வாயைத் திறக்க முடியாதவள் எங்காவது கொட்டித்தானே ஆக வேண்டும்.

ஜூன் 13, செவ்வாய்

சூசை வைத்த ரசத்தில் புளியே இல்லை. சொல்ல முடியவில்லை. குடித்தேன்.

ஜூன் 14, புதன்

காலையில் டிரைவிங் ஸ்கூல் எண்ணுக்கு ஒரு வாட்ஸ்அப். யாரோ லைசென்ஸ் புதுப்பிக்கக் கேட்கிறார்கள் என்று நினைத்துத் திறந்தேன்.

"வணக்கம் மேடம். என் பெயர் நிலோஃபர். புதுச்சேரியில் பழைய கேசட்டுகளைத் தேடியெடுத்து இசைத்தட்டாக வெளியிடுகிறேன். 1986இல் 'அவுட்டர்' என்ற குழுவில் பாடிய அமலோற்பவம் நீங்கள்தானா?"

ஒரு பழைய சாமான் கடையில் எங்கள் கேசட் அந்தப் பெண்ணிடம் அகப்பட்டிருக்கிறது. அட்டையில் 'அமலோற்பவம், பொன்மலை' என்று இருந்ததாம். அந்தப் பெயரைப் போட்டுத் தேடினால் என் டிரைவிங் ஸ்கூல் போர்டுதான் வருகிறது. இந்த ஊரில் வேறு யாருக்கு இந்தப் பெயர்.

'ஆமாம்' என்று அடிக்க எனக்குப் பத்து நிமிஷம் ஆனது.

அவுட்டர் என்பது, ஸ்டேஷனுக்குள் விடாமல் ரயிலை வெளியே நிறுத்தி வைக்கும் இடம். எங்களுக்குப் பொருத்தமான பெயர்தான். மொத்தம் மூன்று பேர். டெரிக் கிதார். அவனும் இன்னொருவனும் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் அப்ரண்டிஸ். நான் டைப்ரைட்டிங் படித்துக்கொண்டிருந்தேன். டெரிக்கின் மாமா மகன் லண்டனிலிருந்து கேசட் அனுப்புவான். அதில் வற்றலாகக் காய்ந்த கிதார், ஒரே இடத்தில் சுற்றும் தாளம், பாடுகிறார்களா சண்டை போடுகிறார்களா என்று தெரியாத குரல். "இது நமக்கே வரும்போலயே மேன்" என்றான் டெரிக். பதினான்கு மாதம் சேர்ந்திருந்தோம். எட்டுப் பாட்டு வைத்து 'அரை நாள் லீவு' என்று ஒரு கேசட் போட்டோம். அந்தப் பையன்கள் இரண்டு பேரும் அரை நாள் லீவு போட்டு வந்து பதிவு செய்ததால் அந்தப் பெயர். இருநூறு பிரதி அடித்து, வாங்க ஆளில்லாமல் ஊரெல்லாம் இனாமாகக் கொடுத்தோம்.

இப்போது அந்த லண்டன் பாணியைப் 'போஸ்ட் பங்க்' என்கிறாள் நிலோஃபர். தமிழில் அந்தக் காலத்தில் அப்படி ஒன்று வந்தது அவளுக்கே நம்ப முடியவில்லையாம். சூசையிடம் எழுதிக் காட்டினேன்.

"போஸ்ட் பங்க்னா? தபாலாபீஸா, பெட்ரோல் பங்க்கா?" என்றார்.

சிரிக்கவும் கூடாதாம். தலையணையில் முகத்தை அழுத்திக்கொண்டேன்.

ஜூன் 15, வியாழன்

என்னிடம் ஒரு பிரதிகூட இல்லை. கல்யாணத்துக்கு முன்னால் எல்லாவற்றையும் எங்கம்மா வீட்டுக் கிணற்றடியில் போட்டுவிட்டு வந்தேன். இதை எழுதிக் காட்டியதும் சூசை எழுந்து போய்த் தன் ஸ்பேனர் பெட்டியின் அடித்தட்டைத் தூக்கி, கிரீஸ் துணியில் சுற்றிய ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். 'அரை நாள் லீவு'.

'ஏது?' என்று எழுதினேன்.

"ரயில்வே இன்ஸ்டிட்யூட்டுல நீங்க பாடுனீங்கல்ல, அன்னைக்கு வாங்குனது. அப்ப உன்னை எனக்குத் தெரியாது."

'முப்பத்தாறு வருஷம் கூட இருந்தும் ஒரு தடவை போட்டதில்லையே.'

"எதுக்குப் போடணும்? நேர்லயே கேட்டுச்சு" என்றார்.

கேசட் போட வீட்டில் எதுவும் இல்லை. நிலோஃபர் தான் சுத்தம் செய்ததை போனில் அனுப்பியிருந்தாள். மத்தியானம் கதவைச் சாத்திக்கொண்டு, இயர்போனில் கேட்டேன். மூன்று பாட்டுக்கு மேல் முடியவில்லை. இருபத்திரண்டு வயதுப் பெண் ஒருத்தி, யாரோ அவள் காலை மிதித்துவிட்ட மாதிரி கத்துகிறாள். சுருதி எங்கேயோ, அவள் எங்கேயோ. இதைப் போய் நிலோஃபர் இணையத்தில் ஏற்றி, நாற்பதாயிரம் பேர் கேட்டிருக்கிறார்களாம்.

ஆனாலும் என்ன தொண்டை அது. நிறுத்தியே பழக்கமில்லாத தொண்டை.

சாயங்காலம் கேஸ் புத்தகம், வண்டி இன்ஷூரன்ஸ், வீட்டு வரி ரசீது எல்லாம் எங்கே இருக்கின்றன என்று ஒரு தாளில் எழுதி சூசையிடம் கொடுத்தேன். "இது எதுக்கு இப்ப?" என்றார். ஒன்றுமில்லை, தெரிந்திருக்கட்டும் என்றுதான்.

ஜூன் 16, வெள்ளி

சும்மா உட்கார முடியாமல் பரிமளாவுக்கு வகுப்பு எடுக்கப் போனேன். பேங்கில் வேலை பார்க்கும் பெண். இரண்டு மாதமாக என்னிடம் கற்றுக்கொள்கிறாள், இன்னும் கியர் மாற்றும்போது கண்ணை மூடுகிறாள். பேச முடியாததால் ஸ்கேலால் டேஷ்போர்டில் தட்டினேன். ஒரு தட்டு கிளட்ச், இரண்டு தட்டு பிரேக். ஜி கார்னர் மைதானம் வரை போய்த் திரும்பி வந்தோம். ஒரு இடத்திலும் வண்டி நிற்கவில்லை.

"மேடம், தப்பா நெனைக்காதீங்க. நீங்க கத்தாம இருந்தா எனக்கு நல்லா ஓட்ட வருது" என்றாள்.

தப்பாகத்தான் நினைத்தேன். அப்புறம் அவளுக்கு ஒரு கரும்பு ஜூஸ் வாங்கிக் கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்தால் நிலோஃபரிடமிருந்து நீளமாக ஒரு செய்தி. வெளியிடுவதற்குக் குழுவில் இருந்த எல்லாரும் கையெழுத்துப் போட வேண்டும். "அட்டையில் உங்கள் பெயரும் டெரிக் பெயரும் மட்டும்தான் இருக்கிறது. டிரம்ஸ் யார் மேடம்? கேட்டவர்கள் எல்லாரும் அதைத்தான் கேட்கிறார்கள்." ஜனங்கள் எழுதியதையும் அனுப்பியிருந்தாள். 'இந்த டிரம்மர் மனுஷனா மிஷினா.' 'நாலாவது பாட்டில் சங்கு ஊதும்போது தாளத்தை நிறுத்தாமல் சங்கையே பாட்டுக்குள் இழுத்துவிட்டார், யாரய்யா அது.' என் குரலைப் பற்றி ஒருவர் 'உக்கிரம்' என்று எழுதியிருந்தார். ஒரே ஒருவர்.

அச்சடித்தபோது பெயர் விட்டுப்போயிருக்கும் என்று பதில் போட்டேன்.

ஜூன் 17, சனி

எட்டுப் பாட்டையும் முழுதாகக் கேட்டேன். இரண்டு தடவை. அப்புறம் அந்தப் பெண்ணின் கத்தலை விட்டுவிட்டு, பின்னால் இருக்கிறவனை மட்டும் கேட்டேன்.

தணிகாசலம். எழுதிவிட்டேன், இனி என்ன.

அவனிடம் டிரம்ஸ் செட் கிடையாது. கோயில் பேண்டிலிருந்து இரவல் வாங்கிய ஒரு முழவு, பழைய இரும்புக் கடையில் பொறுக்கிய குழாய்கள், ஒரு பிரேக் தட்டு, எண்ணெய் டின். 'டைப்ரைட்டர்' என்ற முதல் பாட்டில் நான் டைப்ரைட்டிங் பாடத்தையே கத்துகிறேன், அவன் டின்னின் ஓரத்தில் விரலால் தட்டுகிறான். அசல் மிஷின் சத்தம். 'குடிநீர் அல்ல' பாட்டில் இரண்டாவது அடியை நான் மறந்துபோகிறேன். அப்போது தெரியாது, இப்போது நன்றாகத் தெரிகிறது, ஒரு வெற்றிடம். அவன் அந்த இடத்தில் இன்னொரு சுற்று சுற்றுகிறான், நான் வந்து சேரும்வரை. 'கேட் மூடியிருக்கு' பாட்டிலும் அப்படியே. நான் தப்பு விட்ட இடத்திலெல்லாம் அவன் ஒரு சுற்று கூடப் போட்டுக் காத்திருக்கிறான். எண்ணினேன், ஏழு இடம்.

நான் இத்தனை வருஷம் எல்லாரிடமும் சொன்ன கதை இதுதான்: சென்னையில் ஒரு மாணவர் விழாவில் பாடக் கூப்பிட்டார்கள். காலை ரயில். நானும் டெரிக்கும் பிளாட்பாரத்தில் நின்றோம். தணி வரவில்லை. டிரம்ஸ் இல்லாமல் என்ன பாடுவது. திரும்பி வந்தோம், குழு அதோடு முடிந்தது. அவனோடு அன்றிலிருந்து பேச்சில்லை.

கதையில் ஒரு பகுதியைச் சொல்வதில்லை. அந்த ரயிலுக்கு முன்னால், கேசட் பதிவின்போது, நாலாவது பாட்டின் நடுவே ஒர்க்‌ஷாப் சங்கு ஊதிவிட்டது. மறுபடி பாடலாம் என்றேன் நான். வேண்டாம், அதுதான் அழகு என்றான் தணி. டெரிக்கும் அவன் பக்கம் சேர்ந்துகொண்டான். அரை நாள் முடிந்துவிட்டது, சங்கு அப்படியே தங்கிவிட்டது. அட்டைக்கு எழுத்து என்னுடையது. எழுதும்போது எனக்குக் கோபம் ஆறவில்லை.

பெயர் விட்டுப்போகவில்லை. விட்டேன்.

ஜூன் 18, ஞாயிறு

காலையில் பூசைக்குப் போய்விட்டு, பாடாமல் உதட்டை மட்டும் அசைத்துவிட்டு வந்தேன். மத்தியானம் மூன்று மணிக்கு ஷெட்டில் உட்கார்ந்து பயிற்சி காரின் வைப்பரை மாற்றிக்கொண்டிருந்தேன். வாசலில் மொபெட் ஒன்று வந்து நின்றது. ஹெல்மெட்டைக் கழற்றினால் வழுக்கைத் தலை, நரைத்த மீசை.

"அமலி" என்றான்.

நான் எழுந்து உள்ளே போகப் பார்த்தேன். சூசை குறுக்கே வந்து நின்றார். "உக்காரு. நான்தான் வரச் சொன்னேன்."

இவர்கள் இரண்டு பேரும் ஒர்க்‌ஷாப்பில் ஒரே பிரிவில் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்தவர்கள். அது எனக்குத் தெரியும். சேர்ந்து சாப்பிட்டவர்கள் என்பது தெரியாது. தெரியாதென்றும் சொல்ல முடியாது. நான் செய்யாத கத்தரிக்காய்ப் பொரியல் சூசையின் டிபன் பாக்ஸில் ஒட்டியிருக்கும். நான் கேட்டதில்லை, அவர் சொன்னதில்லை.

தணி பழைய டயர் ஒன்றின்மேல் உட்கார்ந்தான். "முப்பத்தேழு வருஷம். வந்தா நீ என்ன பேசுவியோன்னு பயந்துக்கிட்டே வரலை. பத்து நாளைக்கு நீ வாயைத் தொறக்கக்கூடாதுன்னு சூசையண்ணன் சொன்னாரு. இதை விட்டா வேற சந்தர்ப்பம் வராதுன்னு கிளம்பி வந்துட்டேன்" என்றான்.

டிராபிக் குறிகள் சொல்லித்தரும் வெள்ளைப் பலகை பக்கத்தில் இருந்தது. எடுத்து எழுதினேன்: 'அன்னைக்கு ஏன் வரலை?'

"வந்தேன்."

பலகையில் ஒரு கேள்விக்குறி போட்டேன்.

"எதிர் பிளாட்பாரத்துல நின்னேன். குழாயெல்லாம் சாக்குல கட்டி வெச்சிருந்தேன். நீங்க ரெண்டு பேரும் என்னைத் தேடுறதைப் பாத்துக்கிட்டே இருந்தேன். டெரிக் கடிகாரத்தைப் பாத்தான், நீ படிக்கட்டைப் பாத்தே. இந்தப் பக்கம் யாரும் பாக்கலை. பாலத்துல ஏறி வந்திருந்தா அஞ்சு நிமிஷம். ஏறலை. வண்டி போனதுக்கப்புறமும் அங்கேயே உக்காந்திருந்தேன்."

பலகையைத் துடைத்தேன். எழுத்து கோணலாக வந்தது. 'பேரை நான்தான் விட்டேன்.'

"தெரியும். அட்டை முழுக்க உன் கையெழுத்து. என் பேர் வர வேண்டிய எடத்துல ஒரு பூ வரைஞ்சிருந்தே. அஞ்சு இதழ். பூ நல்லாத்தான் இருந்துச்சு."

'தப்பு' என்று ஒரே ஒரு சொல் எழுதினேன். அவன் எழுந்து வந்து டஸ்டரை வாங்கி அதை அழித்துவிட்டான். "இதையெல்லாம் எழுதி வெக்க வேணாம். கோவம் அடுத்த மாசமே போயிடுச்சு. அதுக்குள்ள டெரிக் ஆஸ்திரேலியா கிளம்பிட்டான், உனக்கு நிச்சயம் ஆயிடுச்சு. அப்புறம் இருந்தது வெக்கம்தான். வெக்கம் போகத்தான் இவ்வளவு நாளாச்சு."

எனக்குக் கண்ணீர் நிற்கவில்லை. "அழாதே, அதுவும் கூடாதாமே" என்றான். சூசை டீ கொண்டுவந்தார். சர்க்கரை போட மறந்திருந்தார். மூன்று பேரும் குடித்தோம்.

அப்புறம் போனை ஸ்பீக்கரில் போட்டு மூன்று பேரும் முழுக் கேசட்டையும் கேட்டோம். தணிக்கு வலது காது கொஞ்சம் மந்தம், இடது பக்கத்தைத் திருப்பிக்கொண்டான். 'குடிநீர் அல்ல' வந்ததும் நான் பலகையில் எழுதினேன்: 'நான் மறந்துபோன இடத்துல நீ எனக்காகக் காத்திருக்கே.'

அவன் அதைப் படித்தான். "காத்திருக்கலைம்மா. அடுத்தது என்னன்னு எனக்கும் தெரியாது. சும்மா சுத்திக்கிட்டிருந்தேன்."

'ஏழு எடம்' என்று எழுதினேன்.

"ஏழு எடத்துலயும்தான்" என்றான். சூசை சிரித்ததில் டீ மூக்கில் ஏறிவிட்டது.

போகும்போது தணி பயிற்சி காரின் பிரேக் பெடலைக் காலால் அழுத்திப் பார்த்து, "இதுல கொஞ்சம் தளர்வு இருக்கு, பாரு" என்றான். பத்து நாளாக நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் 19, திங்கள்

ரிசல்ட் நாளைக்குத்தானாம். பீரோவை இரண்டு தடவை அடுக்கினேன். சூசையின் சட்டைகளில் எல்லாம் பட்டன் சரியாக இருக்கிறது.

ஜூன் 20, செவ்வாய்

கெட்ட கட்டி இல்லை.

டாக்டரம்மா தாளைத் திருப்பிக் காட்டி விரலால் தொட்டு இரண்டு தடவை சொன்னார். சூசை பக்கத்து நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருந்தார். அது எங்களுடைய நாற்காலிகூட இல்லை, அதில் வேறொரு அம்மா உட்கார்ந்திருந்தார். அந்த அம்மா சூசையின் கையைத் தட்டிக்கொடுத்தார். தாளில் என்ன எழுதியிருக்கும் என்று பத்து நாளும் நான் நினைத்துக்கொண்டே இருந்தேன் என்பதை இங்கே எழுதிவிடுகிறேன். இனி எழுதினால் ஒன்றுமில்லை.

"இப்ப ஏதாவது சொல்லுங்க" என்றார் டாக்டரம்மா.

முதலில் என்ன சொல்வது என்று பத்து நாளாகத் திட்டம் போட்டிருந்தேன். மாதாவே உமக்கு நன்றி என்று ஆரம்பிக்கலாமா, சூசைக்கு ஒரு வார்த்தை சொல்லலாமா என்று. வாயைத் திறந்தால் வந்தது: "அந்த ஃபேனைக் கொஞ்சம் குறைங்க."

குரல் என்னுடையது இல்லை. அடியிலிருந்து, மணலில் நடக்கிற மாதிரி, மெதுவாக வந்தது. சூசை என்னைத் திரும்பிப் பார்த்தார். புதிதாக யாரோ வீட்டுக்கு வந்ததுபோல அவர் முகம் இருந்தது. எழுந்து போய் ஃபேனைக் குறைத்தார்.

மூன்று மாதத்துக்குக் கத்தக்கூடாது. அப்புறமும் பழைய உச்சத்துக்குப் போக முடியாது என்று டாக்டரம்மா சொன்னார். பரிமளா சந்தோஷப்படுவாள்.

வழியில் ஒரு கிலோ வஞ்சிரம் வாங்கினோம். தணி வீட்டுக்குப் பாதி கொடுத்துவிட்டு, வாசலில் நின்றபடியே சொன்னேன். "ஒண்ணுமில்லையாம்."

"குரலா இது?" என்றான். "நல்லாயிருக்கே."

ஜூன் 21, புதன்

பெர்த்தில் இருக்கும் டெரிக்குக்கு வீடியோ கால். டெரிக்குக்கு இப்போது பேரன் இருக்கிறான், தலையில் இன்னும் முடி இருக்கிறது. தணியும் நானும் ஒரே திரையில் தெரிந்ததும் போனைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனான். "என்னா மேன், இது போட்டோவா நெஜமா?" என்றான். கையெழுத்தை அப்போதே போட்டு அனுப்பிவிட்டான்.

ஜூன் 27, செவ்வாய்

அட்டையைப் புதிதாக அச்சடிக்க நிலோஃபர் எழுத்து கேட்டிருந்தாள். பழைய அட்டையைக் கிழித்துப்போட்டுவிட்டுப் புதிதாக எழுதலாம் என்றேன். தணி கேட்கவில்லை. "அந்தப் பூ இருக்கட்டும். அதுக்குப் பக்கத்துல பேர் போடு. பூவை எடுத்துட்டா ஜனங்க அதையும் தேடுவாங்க."

நாலு தாள் கெட்டுப்போனது. ஐந்தாவதில் சரியாக வந்தது. தாளம்: தணிகாசலம். நான் என் பெயரை 'அமலி' என்று சுருக்கி எழுதியதை நிலோஃபர் திருப்பி அனுப்பிவிட்டாள். முழுப் பெயரால்தான் உங்களைக் கண்டுபிடித்தேன் ஆன்ட்டி, அதையே போடுங்கள் என்றாள். எப்போது மேடத்திலிருந்து ஆன்ட்டி ஆனேன் என்று தெரியவில்லை.

ஜூலை 9, ஞாயிறு

தணி பழைய இரும்புக் கடைக்கு என்னைக் கூட்டிப்போனான். ஒவ்வொரு குழாயாகத் தட்டித் தட்டிக் கேட்டான். கடைக்காரர், "சார், பாத்ரூமுக்கா?" என்றார். "பாட்டுக்கு" என்றேன் நான். அவர் இன்னும் நாலு குழாயை எடுத்துப்போட்டார்.

ஜூலை 16, ஞாயிறு

பத்து நிமிஷம் மெதுவாகப் பாடிப் பார்க்கலாம் என்று டாக்டரம்மா அனுமதி கொடுத்துவிட்டார். இசைத்தட்டு ஆகஸ்டில் வருகிறது. அதற்குள் ஒரு தடவை சேர்ந்து பாடிப் பாருங்கள், நான் பதிவு செய்துகொள்கிறேன் என்று நிலோஃபர் காலையில் புதுச்சேரியிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கினாள். முப்பது வயதிருக்கும். ஒல்லியான பெண், பை நிறைய வயர்கள். வந்ததும் தணியின் குழாய்களுக்கு முன்னால் போய்க் கொஞ்ச நேரம் நின்றாள். "இதுதானா?" என்றாள். "அது போயிடுச்சும்மா, இது தங்கச்சி" என்றான் தணி.

பயிற்சி காரை வெளியே தள்ளிவிட்டு ஷெட்டைப் பெருக்கினோம். டெரிக் தன் கிதாரை அங்கிருந்தே வாசித்துப் பதிவாக அனுப்பியிருந்தான். அதை ஸ்பீக்கரில் போடுவது சூசையின் வேலை. இன்னொரு போனில் டெரிக்கே வீடியோவில் இருந்தான், அதை டயர் அடுக்கின்மேல் சாய்த்து வைத்தோம். யாரையும் கூப்பிடவில்லை. ஆனால் பரிமளா தன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள், அவளைப் பார்த்து எதிர் வீட்டுக்காரர்கள் வந்தார்கள், லைசென்ஸ் வாங்கிப்போன நாலைந்து பேர் வந்தார்கள். சூசை நாற்காலி எடுக்க ஓடிக்கொண்டே இருந்தார்.

கத்தத் தெரிந்தவளுக்குக் கூட்டம் ஒரு பொருட்டே இல்லை. கத்த முடியாமல் நிற்பது வேறு.

கடைசிப் பாட்டை எடுத்துக்கொண்டோம், 'அரை நாள் லீவு'. சூசை பட்டனை அழுத்தினார். டெரிக்கின் கிதார் வந்தது, அதே காய்ந்த கிதார். தணி பிரேக் தட்டில் ஆரம்பித்தான். நான் மைக்கைக் கிட்டே வைத்துக்கொண்டு, பக்கத்தில் இருப்பவரிடம் சொல்கிற மாதிரி பாடினேன்.

"அரை நாள் குடுத்தீங்க, மிச்ச நாளை எங்க வெச்சீங்க..."

தாளம் நின்றுவிட்டது. டெரிக்கின் கிதார் மட்டும் தனியாகப் போய்க்கொண்டிருந்தது. சூசை தடுமாறி அதையும் நிறுத்தினார். நான்தான் எங்கேயோ தப்பு விட்டேன் என்று திரும்பினேன்.

"என்ன சொன்னே?" என்றான் தணி.

"எதை?"

"இப்பப் பாடுனதை."

"மிச்ச நாளை எங்க வெச்சீங்க."

"நாளையா?"

"பின்ன என்ன? அரை நாள் லீவுல்ல. மிச்ச அரை நாளைக் கேக்குறோம்."

குச்சிகளை மடியில் வைத்துக்கொண்டான். "நான் ஆளைன்னுல்ல நெனச்சிருந்தேன். மிச்ச ஆளை எங்க வெச்சீங்கன்னு. நீ கத்துன கத்துல அப்படித்தான் கேட்டுச்சு. இத்தனை வருஷமும் அப்படித்தான்."

பரிமளாவின் அம்மா சிரித்தார். எல்லாரும் சிரித்தார்கள். தணியும் சிரித்தான். அப்புறம் என்னைப் பார்த்துக் கொஞ்சம் குரலைத் தாழ்த்திச் சொன்னான். "அட்டையில பேரைக் காணோம்னு வீட்டுல உக்காந்திருந்தேன்ல, அப்ப இந்தப் பாட்டைத்தான் போட்டுப் போட்டுக் கேட்டேன். இவ்வளவு கத்தி மிச்ச ஆளைத் தேடுறாளேன்னு தோணுச்சு. அதுலதான் கோவம் போச்சு."

"என்னா மேன், ஏன் நிறுத்திட்டீங்க?" என்று டெரிக் டயர்மேலிருந்து கேட்டான். நிலோஃபர் பதிவை நிறுத்தவில்லை என்பதைக் கவனித்தேன்.

தண்ணீர் குடித்தேன். டாக்டரம்மா கொடுத்த பத்து நிமிஷத்தில் ஆறு நிமிஷம் மிச்சம் இருந்தது. சூசையிடம், "முதல்லேருந்து போடுங்க" என்றேன்.

இந்தத் தடவை 'மிச்ச ஆளை' என்றே பாடினேன். தணி தலையைத் தூக்கவில்லை. குனிந்து சிரித்துக்கொண்டே அடித்தான். தாளம் கொஞ்சம் முந்திப் போய்விட்டது. நானும் கூடவே ஓடினேன்.